திங்கட்கிழமை ஓடாத இஞ்சின்

கரண்டு நின்றால் அதியமான்கோட்டை நஞ்சப்பனின் வீடு நடக்கும். மேட்டூர் மின்சாரம் வந்த புதிதில் அப்படி எதுவும் இல்லை. கரண்டு அடிக்கடி நிற்கும். எல்லா வீட்டையும் போல அந்த வீடும் இருட்டில் சும்மா கிடக்கும். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மகள் தீர்த்தம்மாளுக்குப் பாலக்கோட்டில் மாப்பிள்ளை பார்த்து வெற்றிலை பாக்கு மாற்றிய மறுவாரம் கரண்டு நின்றபோதுதான், சுவர், கூரை, மாட்டுக்கொட்டகை எல்லாமாகச் சேர்ந்து எழுந்து, பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லையைத் தாண்டிப் போனது. கரண்டு வந்து விளக்கு எரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அடுப்பிலிருந்த குழம்பு சிந்தவில்லை. தெருவிலிருந்த மின்கம்பம் கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே வந்திருந்ததால் கம்பியும் அறுபடவில்லை. கொல்லைக்காரர் தர்மன் வந்து மிதிபட்ட பயிருக்கு என்ன வழி என்று கேட்டாரே தவிர, வீடு எப்படி வந்தது என்று கேட்கவில்லை. காளை அவிழ்த்துக்கொண்டு போய் மேய்ந்தால் என்ன பேசுவார்களோ அதையேதான் இதற்கும் பேசினார்கள்.

ஒவ்வொரு முறையும் வீடு வடமேற்கே போகும். நஞ்சப்பன் ஊர் எருதுகளையெல்லாம் பூட்டி, தேர் வடம் கட்டி, பழைய இடத்துக்கு இழுத்து வருவார். பாலக்கோடு அந்தத் திக்கில்தான் இருக்கிறது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஆனால் சேதி மட்டும் பாலக்கோட்டுக்குப் போய்விட்டது. சம்பந்தி கிருஷ்ணப்பன் நேரிலேயே வந்தார். வாங்க என்று கொடுத்த மோரைக்கூடக் குடிக்கவில்லை.

"நெலையா நிக்காத வூட்டுல எப்பிடிங்க பொண்ணெடுக்கறது? கல்யாணத்தன்னிக்கி வூடு ஒரு அடி நவுந்தாலும் பையன கையப் புடிச்சி கூட்டிக்கிட்டுப் போயிருவன். அப்பறம் வருத்தப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தீர்த்தம்மாள் மாப்பிள்ளை குப்புராஜை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தாள். அந்த ஒரு முறையே போதுமானதாக இருந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நஞ்சப்பனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தாய் சின்னம்மாள் மட்டும் வாயே திறக்கவில்லை. பெற்றது ஒன்றே ஒன்று. அதையும் பஸ் ஏறிப் பார்க்க வேண்டிய ஊருக்கு அனுப்பிவிட்டு எப்படி இருப்பது என்று அவளுக்குள் ஒரு பாரம் இருந்தது. கல்யாணம் நடக்கவும் வேண்டும், பெண் போகவும் கூடாது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கோலார் தங்கவயலில் இஞ்சின் வேலை பார்த்துவிட்டு வந்திருந்த சவுரியப்பனை நஞ்சப்பன் வண்டி கட்டிப் போய் அழைத்து வந்தார். சவுரியப்பன் வந்ததும் எத்தனை விளக்கு என்றுதான் கேட்டார். நடக்கிற வீடு என்று சொன்னபோது, "நிக்கிற வூடோ நடக்கிற வூடோ, பொக வெளிய போவணும், அவ்வளவுதானுங்க" என்றார். மாட்டுக்கொட்டகையில் எருதுகளுக்குப் பக்கத்தில் மேடை கட்டி, எண்ணெய் இஞ்சினையும் டைனமோவையும் இறுக்கி, புகைக்குழாயைக் கூரைக்கு மேலே விட்டார். சுவரில் ஒரு கைப்பிடி வைத்தார். மேலே தள்ளினால் மேட்டூர் கரண்டு, கீழே இழுத்தால் இஞ்சின் கரண்டு. இஞ்சின் ஓடிய முதல் நாள் எருதுகள் இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. வீடு மட்டும் அசையவில்லை. அன்றிலிருந்து கரண்டு போகும்போதெல்லாம் வீடு ஒரு முறை உதறிக்கொள்ளும்; இஞ்சின் சத்தம் கேட்டதும் அடங்கிவிடும். தீர்த்தம்மாள் மறுபடியும் வயிறாரச் சாப்பிட்டாள்.

வந்தது வினை. மாப்பிள்ளை வீட்டார் குறித்த முகூர்த்தம் திங்கட்கிழமையில் விழுந்தது. அந்தப் பக்கத்தில் திங்கட்கிழமை எருதைப் பூட்ட மாட்டார்கள். அன்று அதற்கு ஓய்வு. இஞ்சினும் கொட்டகையில்தானே நிற்கிறது என்று நஞ்சப்பன் அதற்கும் திங்கட்கிழமை ஓய்வு கொடுத்து, குளிப்பாட்டித் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். இது இரும்புங்க, இதுக்கு நாளும் கிழமையும் கிடையாது என்று சவுரியப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

"எருதுக்கு ஒரு ஞாயம், இஞ்சினுக்கு ஒரு ஞாயமாங்க? ரெண்டும் நம்ம வூட்டுக்குத்தான் ஒழைக்குது" என்றார் நஞ்சப்பன். அதுவரை எந்தத் திங்கட்கிழமையும் கரண்டு நின்றதில்லை; அன்றைக்குப் பார்த்தா நிற்கப்போகிறது என்று தைரியமாக இருந்தார்.

அன்றைக்குப் பார்த்துத்தான் நின்றது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்திருந்தார். பந்தலோடு, பந்தியோடு, மேளத்தோடு வீடு கிளம்பியது. கிருஷ்ணப்பன் சொன்ன சொல் தவறாதவர். பையனின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். வாசலுக்கு வெளியே புளியமரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கால் வைக்க இடமில்லை. இறங்க முடியாத இடத்தில் எவ்வளவு நேரம்தான் கோபித்துக்கொண்டு நிற்பது? குப்புராஜ் கையை உருவிக்கொண்டு போய் மணையில் உட்கார்ந்து தாலி கட்டிவிட்டார். மேளக்காரர்கள் குலுங்கலில் இரட்டை வேகத்தில் அடித்தார்கள். வீடு தர்மபுரிக் கடைத்தெருவைக் கடந்து, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியைப் போட்டு ஓட்டிய, புகை விட்டுக்கொண்டிருந்த பாலக்கோட்டு பஸ்ஸை முந்தியது. பஸ்ஸிலிருந்தவர்களுக்கு ஜன்னல் வழியாக ஜிலேபி கொடுத்தார்கள். கடைசிப் பந்தி எழுந்து கை கழுவும்போது கிருஷ்ணப்பன் அலறினார்.

"சம்மந்தி, நிறுத்துங்க! எதுக்க தெரியறது எங்க வூடு! இடிச்சிரப்போவுது!"

நஞ்சப்பன் கொட்டகைக்கு ஓடி இஞ்சினைப் பார்த்தார். பொட்டோடு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. கை வரவில்லை. சின்னம்மாள் கொட்டகைக்குள் வந்து, கல்யாணத்துக்கு வந்திருந்த சவுரியப்பனைப் பார்த்து, பல மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"ஓட்டுங்கண்ணா. பாவம் வந்தா எனக்கு வரட்டும். வர வேண்டிய எடம் வந்தாச்சு."

சவுரியப்பன் இஞ்சினைச் சுழற்றிவிட்டு, சுவரிலிருந்த கைப்பிடியைக் கீழே இழுத்தார். விளக்குகள் எரிந்தன. வாசலுக்கு வாசல் ஒரு முழம் இடைவெளியில் வீடு உட்கார்ந்தது. தீர்த்தம்மாள் வலது காலை எடுத்து வைத்து அப்படியே புகுந்த வீட்டுக்குள் போனாள்.

பிறகு ஊர் எருதுகளெல்லாம் வந்து வடம் கட்டி இழுத்தும் வீடு அசைந்துகொடுக்கவில்லை. நிலவரி ஒரு ஊரிலும் வீட்டுவரி ஒரு ஊரிலுமாகக் கட்டிக்கொண்டு, நஞ்சப்பன் கரி பஸ்ஸில் போய்க் கொல்லையைப் பார்த்து வந்தார். இஞ்சினுக்குத் திங்கட்கிழமை ஓய்வு தொடர்ந்தது. பாவத்தைக் கழிக்க, சின்னம்மாள் அன்றைக்கு அதன் முன்னால் ஒரு பிடி பச்சைப்புல் வைப்பாள். மறுநாள் புல் இருக்காது. யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, திங்கட்கிழமைகளிலும் கரண்டு தவறாமல் நின்றது. விளக்கு அணைந்ததும் சின்னம்மாள் வாசலுக்கு வந்து, "தீர்த்தா" என்பாள். "இங்கதான் இருக்கறன் ஆத்தா" என்று எதிர்வாசலிலிருந்து குரல் வரும். வீடு அசையாமல் உட்கார்ந்திருக்கும்.