ஈ புகாத அறை

பதினொரு மணிக்கு இன்டர்வியூ. பத்து இருபதுக்கு லேப்டாப்பின் மூலையில் இருந்த வைஃபை குறி மறுபடியும் செத்தது. தேவிப்ரியா லேப்டாப்பைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

நேற்றும் இதே கதைதான். பெங்களூரு கம்பெனி, வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை, கடைசிச் சுற்று. பேச்சு நடுவில் இரண்டு தடவை அறுந்துபோனது. "நாளைக்கு ஒரே ஒரு வாய்ப்பு. அப்பவும் கட்டாச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்குவோம்" என்று அங்கிருந்த பெண் தன்மையாகத்தான் சொன்னாள். அந்தத் தன்மைதான் பயமாக இருந்தது. குழந்தைக்காக வேலையை விட்டு மூன்று வருஷம். எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணைக்குள் குடியிருப்பவளைத் தேடிக்கொண்டு இன்னொரு கம்பெனி வரப்போவதில்லை.

கோழிப்பண்ணை என்றால் ஈ. பத்து இருபது அல்ல, படைபடையாக ஈ. போன வாரம் நடந்த சுற்றில் அவள் பதில் சொன்னதைவிட ஈ ஓட்டியதுதான் அதிகம். "அங்க என்ன மேடம், கொசுத் தொல்லையா?" என்று அந்தப் பக்கம் ஒருவர் சிரித்தார். அன்றைக்குச் சாப்பிடும்போது அதைச் சொல்லி அழுதுவிட்டாள். மாமனார் மருதாசலம் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் நாமக்கல் போய் ஒரு சுருள் கம்பி வலை வாங்கிக்கொண்டு வந்தார், ஈ நுழைய முடியாத சன்ன ரகம்.

வீட்டை ஒட்டியிருந்த பழைய தீவன அறைதான் அவளுடைய ஆபீஸ். இடுப்பளவு சுவர், அதற்கு மேல் திறப்பு, தலைக்கு மேல் தகரம். நாற்பது வருஷமாகக் கோழிக்குக் கொட்டகை போட்டவருக்கு மருமகளுக்கு ஒன்று போடுவதா பெரிய வேலை? சுற்றிலும் வலை அடித்து, வீட்டைப் பார்த்து வலைக்கதவு மாட்டி, அது தானாகச் சாத்திக்கொள்ள ஸ்பிரிங்கும் வைத்துவிட்டார். விரலெல்லாம் கம்பிக் கீறல். அதற்குப் பிறகு ஒரு ஈகூட உள்ளே வரவில்லை.

வலை அடித்து முடித்த முந்தாநாள் ராத்திரி லேப்டாப்பும் தன் பங்குக்கு ஏதோ அப்டேட் செய்துகொண்டது. நேற்று நெட் அறுந்ததும் எல்லாப் பழியும் அதன் தலையில் விழுந்தது. தேவிப்ரியா அப்டேட்டை நீக்கிப் பார்த்தாள். வைஃபை பெயரை அழித்து, பாஸ்வேர்டை மறுபடி அடித்தாள். ஹாலுக்கு ஓடி ரவுட்டரை அணைத்துப் போட்டாள். கேபிள்காரர் பிரபாவுக்குப் போன் செய்தாள்.

"லைட்டு பச்சையா எரியுதுங்களா?"

"எரியுதுங்க."

"அப்ப எங்க பக்கம் தப்பில்லீங்க அக்கா" என்று வைத்துவிட்டார்.

செல்போன் நெட்டை நம்பலாம் என்றால், அங்கே சிக்னல் எப்போதும் ஒரு கோடுதான். ஹாலில் உட்காரலாம் என்றால் பையன் மடியில் ஏறிக் கீபோர்டைத் தட்டுவான். கம்பெனிக்குத் தனி அறை வேண்டும், கேமராவைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள்.

வலைக்கதவைத் திறந்து மருதாசலம் தலையை நீட்டினார். "வந்துச்சா சாமி?"

திரையைப் பார்த்தாள். கோடுகள் முழுசாக நின்றன. "வந்துருச்சுங்க மாமா."

"அப்பறம் என்ன, நிம்மதியா பேசு." ஈ புகுந்துவிடக் கூடாதென்று கதவை அழுத்திச் சாத்திவிட்டுப் போனார். அவருடைய செருப்புச் சத்தம் ஓய்வதற்குள் கோடுகள் இறங்கிவிட்டன.

இப்படியே மூன்று தடவை. மூன்றாம் தடவை அவருக்கே கொஞ்சம் பெருமையாகிவிட்டது. "நா வந்தாத்தான் வருது பாரு அம்மிணி."

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆள் பார்த்து வருவதற்கு நெட் என்ன விருந்தாளியா? மணி பத்து ஐம்பத்தாறு. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கதவைச் சாத்துவதையே பார்த்திருந்தாள். கோடு இறங்கியது. எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள், ஏறியது. விட்டாள், இறங்கியது.

கோளாறு லேப்டாப்பிலும் இல்லை, ரவுட்டரிலும் இல்லை; சுற்றிலும் அடித்த சன்னக் கம்பி வலைதான் வைஃபையை மறிக்கிறது. இதை அந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது? முற்றத்தில் போய்க்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டாள்.

"மாமா, முடியற வரைக்கும் கதவத் தொறந்து புடிச்சுக்கிட்டு இங்கயே நிக்கறீங்களா? நீங்க இருந்தா எனக்குத் தைரியமா இருக்குதுங்க."

"ஈ வந்துருமே சாமி."

"வந்தா வரட்டுங்க."

சரியாகப் பதினொரு மணிக்கு மூன்று முகங்கள் திரையில் வந்தன. கேள்விமேல் கேள்வி. தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். அரை மணி நேரம் கழித்து, கால் மாற்றி நின்ற மருதாசலத்தின் கையிலிருந்து கதவு நழுவிச் சாத்திக்கொண்டது. திரையில் மூன்று முகங்களும் அப்படியே உறைந்தன. அவர் பதறிக் கதவை இழுத்துப் பிடித்ததும் முகங்கள் அசைந்தன.

மருதாசலம் திரையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் தான் அடித்த வலையை ஒரு தடவை பார்த்தார். அவர் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"இன்னிக்கு லைன் பரவாயில்லை" என்றார் நடுவில் இருந்தவர். "ஆனா வேலை தினமும் எட்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் இது கட்டாகாம நிக்கும்னு உங்களால உறுதியாச் சொல்ல முடியுமா?"

என்னவென்று சொல்வது? தினமும் எட்டு மணி நேரம் ஒரு மனுஷனைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்ல முடியுமா? மூவரும் காத்திருந்தார்கள்.

'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. மருதாசலம் கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு, டவுசர் பையில் எப்போதும் வைத்திருக்கும் கட்டிங் பிளேயரால் அதன் வலையை மேல் மூலையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார். அடித்தபோது எவ்வளவு பொறுமையாக அடித்தாரோ அவ்வளவு பொறுமையாக வெட்டினார். வலை சுருண்டு அவர் காலடியில் விழுந்தது. வெறும் சட்டமாகிப்போன கதவைச் சாத்திவிட்டு, திரையைக் கண்ணால் காட்டினார். முகங்கள் உறையவில்லை.

ஈக்கள் வந்தன. ஒன்று அவள் மேலுதட்டில் உட்கார்ந்தது.

"நிக்கும் சார்" என்றாள் தேவிப்ரியா, கையைத் தூக்காமல்.