உப்புப்பாறை வளைவில் நிற்கும் பஸ்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தபோது, ஒரு மான் கூட்டம் ரோட்டைத் தாண்டட்டும் என்று காத்து நின்றோம். முதல் மான் தாண்டும்போது சினையாக இருந்தது. கடைசி மான் தாண்டுவதற்குள் அது குட்டி போட்டு, குட்டிக்குக் கொம்பு முளைத்து, திரும்பி வந்து எங்கள் பஸ்ஸை மோந்து பார்த்தது. எங்கள் டிரைவர் பேர் பாவாடை. காலையில் மழுமழுவென்று ஷேவ் செய்துகொண்டு ஏறியவர்; இறங்கும்போது மார் வரைக்கும் தாடி.

ரிட்டயர் ஆனபின் சங்கராபுரத்தில் இதை நான் சொல்லாத டீக்கடை இல்லை. எல்லாரும் சிரிப்பார்கள், ஹயாத் பாஷாவைத் தவிர. உப்பு, புளி, கடுக்காய் வியாபாரி. "இன்னாத்துக்குக் கண்டக்டரே பொய் சொல்லிக்கினு? அந்த மலையில மானே இருந்ததில்ல. இருந்திருந்தா நீங்க டிக்கெட் கிழிக்காம வுட்டிருப்பீங்களா?" என்பார். தாடியை நம்பாதது நியாயம். ஒரு மானைக்கூட ஒத்துக்கொள்ளமாட்டேன் என்றால் எப்படி?

சரி, தாடியை விடுங்கள். கூட்டம் இருந்தது. கோடையில் மேட்டுக்காட்டிலிருந்து ஆற்றுத் தண்ணீருக்கு இறங்கும், முதல் மழைக்குத் திரும்ப ஏறும். இரண்டு முறையும் நாங்கள் காத்து நின்ற அந்த வளைவில்தான் தாண்டும். ஹாரன் அடித்தால் கூட்டம் சிதறிக் குட்டிகள் தாயைத் தொலைத்துவிடும் என்று பாவாடை இன்ஜினையே அணைத்துவிடுவார். அவரைப் பார்த்து மற்ற டிரைவர்களும் அணைத்தார்கள்.

அவ்வளவு மான் எப்படிச் சேர்ந்தது என்று கேட்பீர்கள். செந்நாயைச் சுட்டுவந்தால் அந்தக் காலத்தில் சன்மானம் கொடுத்தார்கள், செந்நாய் அருகிப்போனது. மழையும் விடாமல் பெய்தது. கூட்டம் பெருத்தது, காட்டைத் தின்றது. மான் கழுத்து எட்டும் உயரம் வரை இலை கிடையாது. சலூனில் மெஷின் போட்ட மாதிரி மலை முழுக்க ஒரே மட்டம். நாளைக்கு மரமாக வேண்டிய செடியெல்லாம் வயிற்றுக்குள் போனது. அப்புறம் மழை பொய்த்தது. விலா தெரிய நடந்த கூட்டம் சாமைக் கொல்லைகளில் இறங்கியது.

கொல்லையை மானுக்குப் பறிகொடுத்த மலைக்காரர் இருசப்பன் பாஷாவிடம் வந்து அழுதார். பாஷா நல்ல மனுஷர். கடையில் கசிந்து கிடந்த உப்பு மூட்டைகளைச் சும்மாவே கொடுத்தார். கொல்லைக்குத் தூரமாக, வளைவுக்கு மேலே பாறையில் கொட்டினால் மான் அங்கேயே நிற்கும் என்றார். நின்றது. சாமை பிழைத்தது. பாஷாவுக்கு மலையில் ராஜமரியாதை.

உப்புக்கு மான் மட்டுமா வரும்? மாடும் வந்தது. அந்த வருஷம் சந்தையில் வாங்கி ஓட்டிவந்த மாடுகளுக்கு வெக்கை நோய். வாயும் குடலும் வெந்துபோகிற நோய். மாடும் மானும் ஒரே பாறையை நக்கின; நோய் தொற்றி மான் கூட்டமே விழுந்தது. கடுக்காய் ஏற்றப் போன பாஷா அந்தப் பாறையைப் பார்த்துவிட்டு என் பஸ்ஸில்தான் இறங்கினார். டிக்கெட் கேட்டேன், அவர் காதில் விழவில்லை. அதற்கப்புறம் அவர் மலை ஏறவேயில்லை. கொஞ்ச காலம் கழித்து, அங்கே மானே இருந்ததில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்.

போன வருஷம் அவர் மகள் ரஜியாவுக்கு வெள்ளிமலையில் பெண் குழந்தை பிறந்தது. அங்கே நர்ஸ் வேலை, புருஷனுக்கும் அங்கேதான் வேலை. அத்தா வந்துதான் பேர் வைக்கணும், அதுவரைக்கும் குழந்தைக்குப் பேரே கிடையாது என்று சொல்லியனுப்பினாள். ஆளுக்கு மேல் ஆள் வந்தும் பாஷா அசையவில்லை. நான் போய்த் திட்டினேன். தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த மலைக்கு நான் குடுத்தது எதுவும் பொழைக்கல கண்டக்டரே."

மறுநாள் மதிய பஸ்ஸில், கிட்டத்தட்டக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போனேன். ஜன்னல் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வளைவு வந்ததும் டிரைவர் இன்ஜினை அணைத்தான். எதற்கென்று அவனுக்கே தெரியாது. எல்லாரும் அணைக்கிறார்கள், அணைக்கிறான்.

முதலில் சரளை உருளும் சத்தம். பிறகு குளம்புச் சத்தம். மேலேயிருந்து இறங்கி, பஸ்ஸுக்கு முன்னாலும் பின்னாலும் தாண்டிக்கொண்டே இருந்தன. கண்ணுக்கோ ரோடு காலியாக இருந்தது. வெயில் அடித்தது, நனைந்த தோல் வாடை வீசியது. ஒரு கிழவி காலை சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். என் தலையில் மிச்சமிருந்த முடியெல்லாம் எழுந்து நின்று வணக்கம் வைத்தது. இங்கே மட்டும் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

பாஷாவின் கை ஜன்னல் கம்பியில் இருந்தது. புறங்கையில் ஈரம், யாரோ நக்கிவிட்டுப் போனது போல. அவர் துடைக்கவில்லை.

"பாய், அதுங்க ஏற்கெனவே பட்டினி. உப்பு இல்லாட்டியும் பாதி விழுந்திருக்கும்," என்றேன் மெதுவாக.

"பாதி நின்னிருக்கும்," என்றார்.

நான் வெளியே காட்டினேன். மொட்டையடித்த காடு இப்போது அடிவரைக்கும் அடர்ந்து கிடந்தது. தின்ன வாய் இல்லாததால் வளர்ந்தது. வளர்ந்ததைத் தின்ன எங்கிருந்தாவது நாலு மான் வரும், பெருகும் என்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டேயிருந்தார்.

டிரைவர் சாவியைத் திருகப் போனான். பாஷா கையை உயர்த்தினார். "இருப்பா. கடைசிக் குட்டி இன்னும் தாண்டல."

அன்று சாயங்காலம் பேத்தியின் காதில் பாங்கு சொல்லி, அத்தியா என்று பேர் வைத்தார். அரபியில் கொடை என்று அர்த்தமாம்.

அடுத்த வாரம் டீக்கடையில் நான் வழக்கம்போலக் கதையை எடுத்தேன், தாடி வரைக்கும். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டு, பாஷா என்ன சொல்லப் போகிறார் என்று திரும்பிப் பார்த்தார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தாடி பொய்," என்றார். "கூட்டம் நெஜம். இவரு சொல்றதவுட ஜாஸ்தியாவே இருந்துச்சு. உப்பு குடுத்தது நான்தான்."