தழைக்கு இடமிருந்த வண்டி

எங்கள் ரைமா மலையில் வண்டி ஏறி வரும் பாதை ஒன்று உண்டு. ஷேக் நாஜி போட்டது. ஊருக்காக இல்லை, தன்னுடைய காத் தோட்டத்துக்காக. பிற்பகலில் ஆண்கள் கன்னத்தில் அதக்கிக்கொள்ளும் அந்தத் தழை, பறித்த அன்றே சந்தைக்குப் போயாக வேண்டும். அதனால் தினமும் காலையில் அவருடைய வண்டி நகரத்துக்கு இறங்கும்.

அன்று விடியற்காலையில் என் அக்கா நூரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை நன்றாகத்தான் அழுதது. அக்காவுக்கு உதிரம் நிற்கவில்லை. விரித்த துணியெல்லாம் நனைந்து, முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. அவள் புருஷன் எல்லை தாண்டி வேலைக்குப் போயிருந்தார். நான் ஓடிப்போய் வண்டியை மறித்தேன். ஓட்டுநர் முக்பில் எங்களுக்குத் தூரத்து உறவு. அக்கா கையால் எத்தனையோ முறை சாப்பிட்டவன். முன்னிருக்கையிலும் கட்டுக் கட்டாகத் தழை. அதை மட்டும் இறக்கினால் போதும் என்று கெஞ்சினேன்.

"ரத்தம் பட்டா ஒருத்தனும் வாங்கமாட்டான், தகிய்யா. ஷேக் என்னைத் தொலைச்சுடுவார். சந்தையில இறக்கிட்டு உடனே வந்துடறேன்" என்றான்.

ஊர் ஆண்கள் எல்லாரும் ஷேக்கின் தோட்டத்தில் வேலையில் இருந்தார்கள். அக்காவைப் போர்வையில் கிடத்தி, பெண்களே தூக்கிக்கொண்டு இறங்கினோம். பாதி வழியில் தண்ணீர் கேட்டாள். வாயில் விட்டோம். விழுங்கவில்லை.

நகரத்து மருத்துவமனையில் மருத்துவர் இருந்தார். ரத்தம் இருந்தது. உதிரத்தை நிறுத்தும் ஊசியும் இருந்ததாம். துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள். ஷேக் துக்க வீட்டுக்குத் தழைக் கட்டு அனுப்பினார். ஆண்கள் பிரித்து மென்றார்கள். என் அண்ணன் ஹிஸாமும்தான். அக்காவைக் கொன்றது விதி என்றால், அந்த விதிக்கு நாலு சக்கரம் இருந்தது.

துக்கம் முடிந்த காலையில் பாதையின் குறுக்கே போய் உட்கார்ந்தேன். அக்கா குழந்தைக்குப் பால் கொடுக்கும் பக்கத்து வீட்டு ஜமீலா வந்து அருகில் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். முக்பில் ஹாரன் அடித்து ஓய்ந்தான். வெயில் ஏறியது. ஷேக்கே நேரில் வந்தார். வீட்டுப் பெண்களை அடக்கத் தெரியாதா என்று அண்ணனைத்தான் முதலில் கேட்டார். அண்ணன் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் என்னிடமே பேச வேண்டியதாயிற்று.

"எழுந்திரும்மா. தழை வாடுது."

"வாடட்டும் ஷேக். எங்கக்கா வாடினப்போ யாரும் அவசரப்படலையே."

அண்ணன் மெல்ல நடந்து போய் வண்டிக் கதவைத் திறந்தான். முன்னிருக்கைக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மண்ணில் போட்டான். அவனை யாரும் தடுக்கவில்லை. உச்சிவெயிலில், இனிப் பிள்ளை பெறுகிறவளுக்குத்தான் முதல் இடம் என்று ஷேக் எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தார். அதற்குள் தழை சருகாகிவிட்டது.

வாக்கு இன்றுவரை நிற்கிறது. போன மாதம் ஜமீலாவின் நாத்தனார் அந்த வண்டியில் போய், பிள்ளையோடு திரும்பி வந்தாள். ஷேக்குக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஊரே மெச்சுகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.