தன்வினை, பிறவினை

ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள்: அனு என்கிற நான், நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி முகம்கூடக் கழுவாமல், அம்மா கங்கையம்மாள், அவள் இடுப்பில் அண்ணனின் இரண்டாவது பெண் திரிஷா, அண்ணி கலையரசி, நைட்டிமேல் போட்டிருந்த துண்டைச் சுருட்டி அடிவயிற்றில் அழுத்தியபடி, எதிர் பெஞ்சில் மணியம்மாள் என்று தாமல் கிராமத்திலிருந்து வந்த ஒரு அம்மா, பக்கத்தில் அவளுடைய கர்ப்பிணி மகள், மேஜைக்குப் பின்னால் நர்ஸ். வராதவன் அண்ணன் மணிவண்ணன், பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையில் முழங்கை வரை அரக்குச் சிவப்பாக நின்றுகொண்டிருப்பான். அவனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் சொல்ல ஒரு வார்த்தை வேண்டும், அந்த வார்த்தைதான் இன்னும் முடிவாகவில்லை, நேற்று ராத்திரியிலிருந்து அண்ணிக்கு ரத்தம் போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் ரத்தம் எப்படி வந்தது என்பதற்குத் தமிழில் இரண்டு வழி இருக்கிறது, ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

காலையில் நான் வீட்டுக்குள் நுழையும்போது அம்மா பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், "கலைஞ்சுதா, கலைச்சியா?" கோபமில்லை, அழுகையுமில்லை, எங்கேயோ கேட்ட குரல்தான்... அம்மா பக்கத்து வீட்டுத் தறிக்கு ஊடைநூலைத் தாராகச் சுற்றித் தருகிறவள், ராட்டையில் பட்டிழை அறும்போதெல்லாம் சின்ன வயதில் என்னையும் அண்ணனையும் இதே குரலில் கேட்பாள், அறுந்துச்சா, அறுத்தியா. அறுந்தால் முடிச்சுப் போட்டுவிடுவாள், அறுத்தால் அடி. நாங்கள் எப்போதும் அறுந்துச்சு என்றுதான் சொன்னோம், எந்தக் குழந்தை அறுத்தேன் என்று சொல்லும். கதவுக்குள்ளிருந்து அண்ணி, "வயிறு வலிக்குது அத்தை" என்று மட்டும் சொன்னாள். அது பதிலில்லை என்று அம்மாவுக்கும் தெரியும். பிறகு ஆட்டோ பிடித்தோம், வழியில் அண்ணி என் தோளில் சாய்ந்துகொண்டு, "அனு, கண்ணாடில உன் மூஞ்சியப் பாத்தியா, என்னை வுட்டுட்டு உன்னத்தான் அட்மிட் பண்ணப்போறாங்க" என்றாள். உதடு வெளுத்துப்போயிருந்தது, அதிலும் கிண்டல்.

பி.காம். இரண்டாம் வருஷத்தோடு காலேஜை விட்ட எனக்கு மிச்சமிருக்கிற படிப்பு பள்ளிக்கூடத்துத் தமிழ் இலக்கணம் கொஞ்சம்தான், ராத்திரி முழுக்க கன்வேயரில் செல்போன் பாகங்கள் நகர்ந்து வரும்போது மூளைக்கு வேலையில்லை, பழசெல்லாம் அதுவாக ஓடும். திருந்தினான் தன்வினை, திருத்தினான் பிறவினை. கலைந்தது தன்வினை, கலைத்தாள் பிறவினை. டீச்சர் இந்த உதாரணத்தைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். இப்போது இந்த பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தால் பெயர்கள் தலைகீழாகத் தெரிகிறது, தானாக நடந்தால் அதற்குப் பெயர் தன் வினை, அவளே முடிவெடுத்து அவளே செய்தால் அதற்குப் பெயர் பிற வினை, பிறருடையது, அவளுடையது இல்லை... இதைப் பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன், அன்றைக்கு ஒன்றும் உறுத்தவில்லை. அபார்ஷன் என்று இங்கிலீஷில் சொல்லித் தப்பிக்கலாமா என்றால் அதுவும் முடியாது, அபார்ஷன் என்று சொல்லி நிறுத்த முடியாதே, பின்னால் ஒரு தமிழ் வினை வந்து நிற்கும், ஆச்சு, இல்லை, பண்ணிக்கினேன்.

ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் அந்த எழுத்துக்குள் அண்ணியின் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றைக்கு, சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் அவள் நேராகவே சொன்னாள், ரெண்டு போதும், இது வேணாம் என்று. அண்ணன் தட்டைத் தள்ளவில்லை, கத்தவில்லை, குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னான், "கலைச்சன்னு தெரிஞ்சுது, நேரா உங்கம்மா வூட்டுக்குப் போயிக்கினே இரு. பசங்க ரெண்டும் இங்கதான்." அவன் கெட்டவன் இல்லை. சொல்லிவிட்டோமே என்பதற்காகவே செய்துவிடுகிற முட்டாள், அது கெட்டவனைவிட மோசம், கெட்டவனிடம் பேரம் பேசலாம். அம்மாவும் அன்றைக்கு அங்கே இருந்தாள், அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

கலைந்ததா, கலைத்தாளா... எனக்கு நியாயம் பேச ஆசையில்லை, தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். போன வாரம் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள், தனியாக, கல்யாணமாகி வந்ததிலிருந்து சந்தைக்குக்கூடத் தனியாகப் போகாதவள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள், நானும் பார்த்தேன், சாயங்காலம் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மருந்துக் கடைக்கா? எங்கள் தெருவிலேயே கடை இருக்கிறதே, ஆனால் அது ஆதிகேசவன் கடை, ஆதிகேசவன் அண்ணனோடு கிரிக்கெட் ஆடுகிறவன், அவனிடம் போய் அந்த மாத்திரையைக் கேட்பதும் கோயில் மைக்கில் சொல்வதும் ஒன்று. அவன் கடையில் ஆணுறை கல்லாவுக்குப் பக்கத்திலேயே சாக்லேட் டப்பா மாதிரி படம் போட்டு அடுக்கியிருக்கும், அண்ணன் தினமும் அதற்கு எதிரில் நின்றுதான் அரட்டை அடிப்பான், ஒருநாளும் கை நீண்டதில்லை. என்னோடு வேலை செய்கிற ஒரு பெண்ணுக்காக, கரு தங்காமலிருக்க மறுநாளே போடுகிற மாத்திரையைக் கேட்டு நான் கடை கடையாக ஏறியிருக்கிறேன், எல்லாரும் ஒரே மாதிரி, "அது வர்றதில்லம்மா." வருவதில்லையா, நீங்கள் வரவழைப்பதில்லையா என்று கேட்டேன். கடைக்காரர் என் கழுத்தைப் பார்த்தார், தாலி இருக்கிறதா என்று.

அண்ணி ஒன்றும் செய்யாமல் இருந்தவள் இல்லை. திரிஷா பிறந்த அன்றைக்கே காப்பர் டி வைத்துவிடலாமா என்று கேட்டார்கள், அவள் சரி என்பதற்குள் அம்மா, "வேணாம்மா, அது நெஞ்சுக்கு ஏறிடுமாம்" என்றாள். காப்பர் டி எப்படி நெஞ்சுக்கு ஏறும், எந்த வழியாக, நான் ரொம்ப நேரம் யோசித்திருக்கிறேன், லிப்டா இருக்கிறது. அப்புறம் ஏரியா நர்ஸிடம் இலவச மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தாள், ஒரு மாசம் ஸ்டாக் இல்லை, அடுத்த மாசம் வா என்றார்கள். மாத்திரைக்குத்தான் ஸ்டாக் தீரும், அண்ணனுக்கு என்ன.

எதிர் பெஞ்ச் மணியம்மாள் ரொம்ப நேரமாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவள், இனிமேல் தாங்காது என்பது போல அம்மாவிடம் கேட்டாள், "மருமகளாம்மா? எத்தினி மாசம்?" அம்மா, "வயித்து வலிம்மா" என்றாள். "என் பொண்ணு மூணாவது உண்டாயிருக்கா. இதோட ஆபரேஷன் பண்ணிக்கடின்னா பயப்படுறா." மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அவரப் பண்ணிக்கச் சொல்லு, ஆம்பளைக்கு ஊசி குத்துற மாதிரிதானாம்" என்றாள். மணியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள், "அட நீ வேற. மாப்ள கொரோனா ஊசிக்கே மயக்கம் போட்டு வுழுந்தாரு, நாலு பேரு தூக்கியாந்தாங்க." அண்ணி சிரித்துவிட்டாள், சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், துண்டை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். "கலைக்கிறதெல்லாம் பாவம்மா, அதுக்கு ஆபரேஷனே தேவல" என்றாள் மணியம்மாள், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. மகள், "பெத்துட்டுச் சோறு போடாததும் பாவம்தான், அத யாரு சொல்றா" என்றாள். "வாய மூடுடி." அம்மா இதில் எதற்கும் வாய் திறக்கவில்லை, வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சில் முதல் ஆளாக இருப்பவள்.

உண்டாயிருக்கா... மணியம்மாள் சொன்ன வார்த்தை எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. உண்டாகிவிட்டாள், தானாக, மழைக்குக் காளான் முளைத்த மாதிரி. முழுகாம இருக்கா, தள்ளிப்போயிருக்கு, தங்கியிருக்கு, எல்லாமே தன்வினை, ஒன்றில்கூட ஓர் ஆள் இல்லை. உண்டாச்சா, உண்டாக்கினியா என்று அண்ணனை யாரும் கேட்டதில்லையே, அம்மா கேட்கவில்லை, ஏரியா நர்ஸ் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, ஒரே வீட்டில் ஒரே சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டு. உள்ளே வந்ததற்கு ஆள் வேண்டாம், வெளியே போனதற்கு மட்டும் ஆள் யார் என்று தெரிந்தாக வேண்டும். இதை யாரிடமாவது சொல்லலாமா என்று பார்த்தேன், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

நர்ஸ் பெயர் கேட்டாள். வீட்டில் எல்லாரும் அண்ணியைக் கலை என்றுதான் கூப்பிடுவோம், அம்மா தெருமுனையிலிருந்தே கலை, கலை என்று கத்துவாள், ஆனால் இன்று காலையிலிருந்து அவள் வாயில் கலையரசி, முழுசாக, ரேஷன் கடையில் கூப்பிடுகிற மாதிரி. இப்போதும் அழுத்தி, "கலையரசி" என்றாள். ஆஸ்பத்திரியில் பாதிப் பெயரைச் சொன்னால் கட்டளை மாதிரி ஒலிக்கும் என்று எப்போது யோசித்தாள்... யோசித்தாள் என்றால் அவளுக்கு என்ன தெரியும்? "வீட்டுக்காரர் வரலையா?" என்றாள் நர்ஸ். அம்மா தடுமாறி, "அவரு வாலாஜாபாத்ல இருக்காரும்மா, வாடகைக்குத்தான் வருவாரு" என்றாள். நர்ஸ் பேனாவை வைத்துவிட்டாள், "அய்யோ, ஹவுஸ் ஓனர் இல்லம்மா, இவங்க புருஷன்!" தாமல்காரிகள் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள், அண்ணி மட்டும் மெதுவாக, "ரெண்டும் ஒண்ணுதான் சிஸ்டர், ரெண்டு பேரும் கேட்ட நாளுக்குக் குடுக்கணும்" என்றாள். அம்மா அவளை முறைத்தாள், முறைப்பில் பாதிதான் கோபம்.

"என்னாச்சு?" என்றாள் நர்ஸ், இந்தத் தடவை அண்ணியைப் பார்த்து. இதோ, இப்போது வரும்... அண்ணி வாயைத் திறப்பதற்குள் அம்மா, "கலைஞ்சிடுச்சு சிஸ்டர். தானா. தண்ணிக் குடத்தத் தூக்குனா, நான்தான் தூக்கச் சொன்னேன்" என்றாள். எந்தக் குடம்? எங்கள் வீட்டில் மோட்டார் இருக்கிறது, அண்ணி குடம் தூக்கி நான் பார்த்ததே இல்லை. அண்ணி அம்மாவைப் பார்த்தாள், கடையில் மீதிச் சில்லறை அதிகமாக வந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. அம்மா திரிஷாவின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா கூப்பிட்டு மூன்று பேருமாக உள்ளே போனோம். சின்ன வயசுதான், என்னைப் போலவே ராத்திரி தூங்காத கண். அண்ணியைப் படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், முழுசா வெளிய வரலை, சுத்தம் பண்ணிடணும், இல்லைன்னா ரத்தம் நிக்காது என்றாள். "அவ புருஷன் வரணுங்களா?" என்றாள் அம்மா. "எதுக்கு? உடம்பு அவங்களுது, அவங்க சரின்னு சொன்னாப் போதும்." பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு அண்ணியின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள், "தானா ஆச்சாம்மா, ஏதாவது மாத்திரை போட்டியா? எதுவா இருந்தாலும் வைத்தியம் பண்ணுவேன், திட்ட மாட்டேன். என்ன போட்ட, எப்பப் போட்டன்னு எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்." வெளியே சொன்ன குடத்துக் கதை இங்கே ஆகாது என்று எனக்கே தெரிந்தது. அண்ணி டாக்டரைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். நானும் அம்மாவைப் பார்த்தேன். இந்த ஒரு பதிலுக்காகத்தான் நான் தூங்காமல் நின்றிருந்தேன், இன்னும் ஒரு நொடி நின்றிருந்தால் கிடைத்திருக்கும். அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள், "வாடி வெளிய. டாக்டரு அவளாண்ட பேசுறாங்க, உனக்கு இன்னா வேல இங்க."

வராந்தாவில் நான் கையை உதறிக்கொண்டேன். "உனக்குத் தெரிய வேணாமாம்மா?" அவள் திரிஷாவை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள், குழந்தையின் சட்டையை இழுத்து விட்டாள், அறைக்கதவையும் அதற்கு உள்ளே தெரிந்த இன்னொரு கதவையும் பார்த்தாள். "உங்கண்ணனுக்கு நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத." வெளியே எவனோ ஆட்டோவை உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள், "உங்கண்ணனுக்கும் உனக்கும் நடுவுல எனக்கும் ஒண்ணு..."

நான் காத்திருந்தேன். இந்த மொழியில் எல்லாம் கடைசியில்தானே வரும், என்ன நடந்தது, யார் செய்தது எல்லாம் அந்தக் கடைசி வார்த்தையில்தான், அது வரும்வரை வாக்கியம் எந்தப் பக்கமும் சாயலாம். அம்மாவின் உதடு அசைந்தது, அவ்வளவுதான். உள்ளே அண்ணி மேஜையிலிருந்து இறங்கி, டாக்டரிடம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தாள், நீளமாக, நிறுத்தாமல், எங்கள் வீட்டில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை, இங்கே ஒரு வார்த்தையும் எட்டவில்லை. இரண்டு பேரும் உள்கதவைத் தாண்டினார்கள். நர்ஸ் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள், மேல் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது, பிறகு கீழ்த் தாழ்ப்பாளும்.