சும்மா இருந்தேன்

டாக்டர் எப்சிபா எனக்கு இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கச் சொன்னார். முதல் எட்டு வாரம் வெள்ளை மாத்திரை, அடுத்த எட்டு வாரம் ரோஸ். திடீர் திடீரென்று தறிகெட்டு ஓடும் என் நெஞ்சு எதற்கு அடங்குகிறதோ அதையே தொடரலாம். இரண்டுக்கும் அடங்காவிட்டால் மதுரைக்குப் போய், தொடை வழியாக ஒயரை விட்டு, கோளாறான இடத்தைச் சுட வேண்டும். சுடுவது என்று கேட்டதுமே எனக்கு இரண்டு மாத்திரைகள் மீதும் பாசம் பொங்கிவிட்டது.

நெஞ்சு ஓடும்போதெல்லாம் நிரப்ப நோட்டில் மூன்று கட்டம்: தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன். ஒழுங்காகத்தான் எழுதினேன். மாவு ஆட்டினேன். வெயிலில் கோர்ட் வரை நடந்தேன். நாத்தனாரோடு சண்டை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒன்றையே எழுதினேன்: மூன்றரை மணி, சும்மா இருந்தேன்.

பதினாறு வாரம் முடிந்து உத்தமபாளையத்திலிருந்து தேனிக்குப் போனேன். டாக்டர் ஒவ்வொரு வரியாக எண்ணினார்.

"வெள்ளையில பதினேழு தடவை. ரோஸ்ல எட்டு. அந்த எட்டும் சும்மா இருக்கும்போதே வந்திருக்கு. ரெண்டும் சரியா கேக்கல, ரஃபியா. மதுரைக்கு எழுதித் தரட்டுமா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இன்னொரு தடவ பாத்துருங்க டாக்டர்" என்றேன்.

வியாழக்கிழமை வரச்சொல்லி, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, துடிப்பைப் பதியும் ஒரு சின்னப் பெட்டியை இடுப்பில் கட்டி அனுப்பினார். ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க அது என்னோடு இருந்தது. சனிக்கிழமை கழற்றப் போனபோது, அதில் பதிவானதை எனக்கே காட்டினார்.

"உங்க நோய் பொசுக்குனு நூத்தி எம்பதுக்கு ஏறும், பொசுக்குனு நிக்கும். இங்க பாருங்க, மூணு மணியிலருந்து மெதுவா ஏறி நூத்திப் பத்து. அஞ்சு மணிக்கு மேல மெதுவா எறங்குது. இது நோய் இல்ல. அந்நேரம் என்ன செஞ்சீங்க?"

"சும்மா இருந்தேன்."

"சும்மா இருக்கிற ஆளுக்கு இப்படி ஏறாதே."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "அவுக போனுக்காக உக்காந்திருந்தேன், டாக்டர். வெள்ளிக்கிழமைன்னா பேசுவாக. இப்ப பேசுறதில்ல."

என் வீட்டுக்காரர் சவுதியில் லாரி ஓட்டுகிறார். பத்தொன்பது வருடமாக அங்கே ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கூப்பிடுவார். நமக்கு அப்போது மூன்றரை. நாலு மாதத்துக்கு முன்பு எனக்கு வாய்க்கொழுப்பு. 'வர்ற தேதியோட போன் பண்ணுங்க, இல்லாட்டிப் பண்ணவே வேணாம்' என்று சொல்லிவிட்டேன். எத்தனையோ சொல்லியிருக்கிறேன், மனுஷன் அந்த ஒன்றைத்தான் கேட்டார். நெஞ்சுக் கோளாறைச் சொல்லி அவரை வரவழைக்க எனக்கு ரோஷம் விடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வெள்ளியும் முகம் கழுவி, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் குரலுக்கு அப்படி ஏங்கினேன். நாற்பத்தாறு வயதில் இதை நோட்டில் எப்படி எழுதுவது?

டாக்டர் சிவப்புப் பேனாவை எடுத்து வெள்ளிக்கிழமைகளை எல்லாம் அடித்தார். வெள்ளையில் ஒன்பது மிச்சம். ரோஸில் ஒன்றுகூட இல்லை.

"ரோஸ் ஜெயிச்சிருச்சு. மதுரை வேணாம்" என்றவர், நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். "வெள்ளிக்கிழமைக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல, ரஃபியா."

பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் வழியாகப் போகும் இரண்டு கம்பம் பஸ்களை விட்டுவிட்டு, போனை எடுத்து நானே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ரஃபியா? என்னாச்சு? லீவு கேட்டிருக்கேன். தேதி இன்னும் கெடைக்கலயே..."

கெஞ்சுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல். என் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. மெதுவாகத்தான் ஏறியது.

"தேதி கேக்கலங்க" என்றேன். "சும்மா கூப்பிட்டேன்."