பன்னீர் ரோஜாவுக்கு மருந்தடித்த சனிக்கிழமை

பட்டாணியின் கீழுதட்டில் ஒரு ரோஜா இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் அத்தை துவைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"எத்தனைடி தின்ன?"

"ஒண்ணு," என்றாள் பட்டாணி. அத்தை கண்ணெடுக்காமல் பார்க்கவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு பூ," என்றாள்.

ஐந்து வயசுக் குழந்தை. கணக்கில் பொய் சொல்லத் தெரியாது. பன்னீர் ரோஜாவில் ஒரு பூ என்றால் நாற்பது ஐம்பது இதழ் இருக்கும். அத்தை செடியைத் திரும்பிப் பார்த்தாள். குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு காம்பு மொட்டையாக நின்றது.

அத்தை, ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். கல்யாணம் கூடிவரவில்லை, தம்பி வீட்டோடு இருந்துவிட்டாள். தம்பி வெளியூர் பஸ் டிரைவர். அவன் பெண்டாட்டி, பட்டாணியின் அம்மா, பள்ளிக்கூட ஆசிரியை. தெருவே அவளை டீச்சர் என்று கூப்பிட, அத்தைக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. அந்த வீட்டில் அத்தையுடையது என்று சொல்ல ஒரு இரும்புப் பெட்டியும், வாசலுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற அளவு மண்ணில் நின்ற அந்தச் செடியும்தான் இருந்தன.

இடிக்கப்போகிற ஒரு பழைய வீட்டில் கேட்டு வாங்கி, பென்சில் கனத்தில் ஒரு குச்சி வெட்டி வந்து நட்டது. முதல் வருஷம் குச்சியாகவே நின்றது. இரண்டாம் வருஷம் முள்ளு முள்ளாக வளர்ந்தது. "பூக்கிறதுக்கே மனசில்ல, இதுக்கு முட்டை ஓடு என்ன, டீத்தூள் என்ன! எனக்குக்கூட இந்த உபசாரம் கிடையாது," என்று தம்பி அலுத்துக்கொண்டான். மூன்றாம் வருஷம் பூத்தது. கடைப் பூ மாதிரி விறைத்து நிற்காமல், கசங்கின பட்டுத்துணி போல இதழுக்குள் இதழாகத் தலை கவிழ்ந்து தொங்கியது. தெருவில் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று மூக்கை உயர்த்திவிட்டுப் போனார்கள். தினம் காலையில் ஒரே ஒரு இதழைக் கிள்ளிப் பட்டாணி வாயில் போடுவாள் அத்தை. தின்னப் பழக்கினதே அவள்தான்.

இந்த வருஷம் மொட்டுக்கு மொட்டு பச்சைப் பேன் பூச்சி அப்பிவிட்டது. சோப்புத் தண்ணீர், வேப்பெண்ணெய், எதற்கும் அசையவில்லை. கடையில் கூட வேலை செய்யும் பாலிஷ்காரர், தன் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தைக் கொஞ்சம் இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். "பக்கெட்டுக்கு ரெண்டு மூடி. அதுக்கு மேல வேணாம்மா," என்றார். டீச்சரோ முன்பே சொல்லியிருந்தாள்: "குழந்தை ஓடியாடுற இடம் அண்ணி, விஷம் கிஷம் எதுவும் வேணாம்." அதனால் அன்று விடிந்ததும் விடியாததுமாக, வீடு எழுந்திருக்கும் முன்பே திருட்டுத்தனமாக அடித்து முடித்தாள். இரண்டு மூடி போதுமோ போதாதோ என்று நாலு ஊற்றினாள். பட்டாணி எழுந்ததும் செடிப் பக்கம் விடக் கூடாது என்று நினைத்தவள், துணி துவைக்க உட்கார்ந்ததில் மறந்துபோனாள்.

குழந்தையை அள்ளிக்கொண்டு குழாயடிக்கு ஓடி வாய் கொப்பளிக்க வைத்தாள்.

"கசந்துச்சு அத்தை," என்றாள் பட்டாணி.

சமையலறையில் டீச்சர் ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று அத்தை கதவு வரைக்கும் போனாள். ஒன்றும் ஆகாது, கழுவியாயிற்று, கொஞ்சம் பார்ப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தாள். பட்டாணியை மடியில் இருத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் போயிற்று. இருபது நிமிஷம் போயிற்று. குழந்தை பொம்மையோடு பேசிக்கொண்டிருந்தாள். அத்தைக்கு மூச்சு கொஞ்சம் சீரானது.

அப்புறம் பட்டாணி பொம்மையைக் கீழே போட்டாள். வாயோரத்தில் எச்சில் வழிந்தது. அத்தை துடைத்தாள், மறுபடியும் வழிந்தது. நெற்றி, கழுத்தெல்லாம் வேர்த்து நனைந்தது. "வயிறு வலிக்குது," என்று சொல்லும்போதே அத்தையின் மடியிலேயே வாந்தி எடுத்தாள். அத்தை அவள் முகத்தை நிமிர்த்தினாள். அறையில் வெளிச்சம் குறைவு. கண்மணி விரிந்திருக்க வேண்டும். ஊசியால் குத்தின புள்ளி போலச் சுருங்கிக் கிடந்தது. கண்களை நம்பிப் பிழைப்பவளுக்கு அது நல்லதில்லை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"டீச்சர்!" என்று அவள் போட்ட கூச்சலில் டீச்சர் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஐயோ, என்ன ஆச்சு? பால் கெட்டுப்போயிருந்துச்சா? காலையிலேயே வாசனை ஒரு மாதிரி இருந்துச்சு... அதுதான் அண்ணி, அந்தப் பால்தான்!"

அத்தை அதை மறுக்கவில்லை. கொடியில் கிடந்த துண்டை உருவிக் குழந்தையைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். ஆட்டோவில் டீச்சர், "கண்ணைத் திற கண்ணு, அம்மாவைப் பாரு," என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள். பட்டாணியின் கால் ஒரு பக்கம் வெட்டி வெட்டி இழுத்தது. அத்தை அந்தக் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தவர் முகம் மாறியது. "குழந்தை என்ன சாப்பிட்டா?"

"பால் மட்டும்தான் டாக்டர், கெட்டுப்போன பால்," என்றாள் டீச்சர்.

அந்த ஒரு நொடி அத்தைக்கு ஒரு யுகமாக நீண்டது. தம்பி முகம் தெரிந்தது. இரும்புப் பெட்டியும் கையுமாகத் தெருவில் நிற்கிற தன்னையே பார்த்தாள். பிறகு கட்டிலில் நுரை தள்ளிய அந்தச் சின்ன வாயைப் பார்த்தாள்.

"பால் இல்ல," என்றாள். "பூச்சி மருந்து. ரோஜாச் செடிக்கு அடிச்சேன். அந்தப் பூவைத் தின்னுட்டா."

டீச்சர் கத்தவில்லை. மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அறைந்திருந்தால்கூட அத்தைக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"தின்னு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றார் டாக்டர்.

"ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரமா?" என்றாள் டீச்சர்.

"மருந்து பேரு?"

தெரியவில்லை. நடைவழியில் நின்று பாலிஷ்காரருக்குப் போன் போட்டாள். மூன்றாவது தடவைதான் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும், "அடக் கடவுளே, டப்பா வீட்ல இருக்கும்மா, இதோ," என்று ஓடினார். திரும்பக் கூப்பிட்டு மூச்சிரைக்க எழுத்து எழுத்தாகச் சொன்னார். அத்தை அதை அப்படியே உரக்கச் சொல்ல, நர்ஸ் எழுதிக்கொண்டார். டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். "நீங்க பூச்சி மருந்துன்னதுமே ஊசி போட்டாச்சு. பேரு தெரிஞ்சதால மத்த விஷ முறிவு மருந்தையும் தைரியமா ஆரம்பிக்கலாம்."

கொஞ்ச நேரத்தில் எச்சில் நின்றது. ஆனால் பட்டாணியின் முகம் செக்கச் செவேலென்று ஆகி, உதடு காய்ந்து, சம்பந்தமில்லாமல் பிதற்ற ஆரம்பித்தாள். நெஞ்சு புறாக்குஞ்சு போல அடித்துக்கொண்டது. போய்விடப் போகிறாள் என்றே அத்தை நினைத்தாள். கண்ணாடிக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றவளை நர்ஸ் தொட்டு, "பயப்படாதீங்க, அது ஊசி வேலை செய்யறது. அப்படித்தான் இருக்கும்," என்றார். பயப்படாமல் இருப்பது எப்படி என்று அத்தைக்குத் தெரியவில்லை.

மதியம் தம்பி காக்கிச் சட்டையோடு வந்தான். டீச்சர் இரண்டு வார்த்தையில் சொன்னாள். "அக்கா, நீயா?" என்றான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் பட்டாணியின் கண்மணி விரிந்தது. அம்மாவை அடையாளம் கண்டு தண்ணீர் கேட்டாள். டீச்சர் அப்போதுதான் அழுதாள். "பிழைச்சுக்குவா," என்றார் டாக்டர். "ஆனா இன்னும் ரெண்டு மூணு நாள் எங்க கண் முன்னாடி இருக்கணும்."

மறுநாள் அத்தை வீட்டுக்கு வந்து, கையில் துணி சுற்றிக்கொண்டு, பூவும் மொட்டுமாக அத்தனை கிளையையும் கணுக்கால் உயரத்துக்கு வெட்டி ஒரு சாக்கில் கட்டினாள். அந்த நிலையிலும் வாசனை வந்தது. அது குமட்டியது. வேரைத் தோண்டப் பார்த்தாள், மண்வெட்டிக்கு அசையவில்லை. பிறகு தம்பி வந்து சுற்றிலும் கம்பிவலை அடித்தான்.

பட்டாணி வீட்டுக்கு வந்து ஒரு வாரம் டீச்சர் லீவு போட்டாள். அத்தையிடம் பேசவில்லை, தட்டை மட்டும் தவறாமல் வைத்தாள். பட்டாணிக்கு இன்னும் பள்ளிக்கூடம் போகத் தெம்பு வரவில்லை; அத்தையும் கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். எட்டாம் நாள் காலை, பையை மாட்டிக்கொண்டு வந்து பட்டாணியின் கையை அத்தை கையில் கொடுத்தாள்.

அத்தை பின்வாங்கினாள். "வேணாம் டீச்சர். எனக்குப் பயமா இருக்கு. வேற யார்கிட்டயாவது விட்டுட்டுப் போ."

"பயமா இருக்கிறவங்ககிட்டதான் விடணும் அண்ணி," என்றாள் டீச்சர். முகத்தில் சிரிப்பு இல்லை. "இனிமே எதுவா இருந்தாலும் உடனே சொல்லிடுங்க. பாத்திரத்தைப் போட்டு உடைச்சாக்கூட. நாலு மணிக்கு வந்துருவேன்."

கேட்டைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். பட்டாணி பொம்மையை எடுத்து வந்து உட்கார்ந்தாள். அத்தை எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி எட்டரைதான் ஆகியிருந்தது.