லூடியின் பலகை

மண்வெட்டியை ஓங்கிய டெல்ஃபாவின் கையை ஓரன் கிழவர் எட்டிப் பிடித்தார்.

"இங்க வேணாம் பொண்ணே. அடியில பாறை. அந்தக் கோடியில தோண்டுவோம்."

அவர் காட்டிய கோடியில், மந்தையோடு ஆற்றைக் கடக்கும்போது செத்த மாடோட்டிகள் புதைந்து கிடந்தார்கள். டெல்ஃபா தன் அம்மா லூடியின் பெயர் செதுக்கிய கல்லறைப் பலகையைப் பார்த்தாள். அதன் காலடியிலேயே ஒரு முயல் வளை.

"முயலுக்கு இல்லாத பாறை நமக்கு மட்டும் எங்கேருந்து மாமா வந்துச்சு?"

கிழவர் புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்.

விடியற்காலையில்தான் அவள் அப்பா ஆசாவுக்கு மூச்சு அடங்கியது. குளிப்பாட்டி, நீலச்சட்டை போட்டு, கடையின் பழைய மேசைமேல் கிடத்திவிட்டு வந்திருந்தாள். போன வாரம் அவரும் இதையேதான் சொன்னார், அம்மா பக்கத்தில் வேண்டாமென்று. ஞாயிறு தவறாமல் வந்து இந்தப் பலகையைத் துடைத்த மனுஷன், செத்தபின் பக்கத்தில் படுக்கப் பயப்படுவானேன்?

அம்மா ஆற்று வெள்ளத்தில் போனபோது அவளுக்கு ஆறு வயது. அம்மாவின் முகத்தை அவளுக்குக் காட்டாமலே பெட்டியை மூடிப் புதைத்தார்கள். அந்த வாரம் முழுக்க அப்பாவின் இடது கையில் துணிக்கட்டு இருந்தது. அதைப் பற்றிக் கேட்டவர்களை அவர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கேட்காமலே நாற்பத்து நான்கு வயதாகிவிட்டது. இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும். அம்மாவைக் கொன்ற கையாக இருந்தால் அதை அம்மாவின் பக்கத்தில் புதைக்கமாட்டாள்.

அப்போது இது ஊர். மந்தைகள் வடக்கே போகும் தடத்தில் நாற்பது வீடு, இரண்டு சாராயக்கடை, ஒரு கோயில். பன்னிரண்டு மைல் கிழக்கே ரயில் வந்ததும் மந்தைகள் நின்றன. ஜனங்கள் வீடுகளையே உருட்டுக்கட்டைமேல் ஏற்றி மாடு பூட்டி இழுத்துக்கொண்டு ரயிலடிக்குப் போனார்கள். கோயிலும் போயிற்று. நின்றது அப்பாவின் கடையும் ஓரனின் கொட்டகையும்தான். உங்கம்மாவை விட்டுவிட்டு எப்படி வருவது என்பார் அப்பா. ரயிலடிக் கொல்லர் ஒருவர் மூன்று தடவை பெண் கேட்டு வந்தார். டெல்ஃபாவும் அதே பதிலைச் சொல்லியனுப்பினாள்.

கொல்லையில் ஒரு மந்தைக்காரன் விட்டுப்போன சமையல் வண்டி நிற்கிறது. தடத்தில் போகிறவர்கள் ராத்தங்கும்போது வண்டியின் ஏர்க்காலைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைப்பார்கள். காலையில் மேகம் மூடினாலும் திசை தப்பாது. துணி காயப்போட அவள் ஒதுக்கிவைப்பதை அப்பா பொழுது சாயுமுன் வடக்கே திருப்பிவிடுவார். படுக்கையில் விழுந்த பிறகும் கேட்டார், திருப்பினாயா என்று. திருப்பியாச்சு என்று பொய் சொல்வாள்.

கிழவர் கையை விட்டார். அவள் தோண்டினாள். இடுப்பாழத்தில் பக்கச்சுவர் சரிந்து அம்மாவின் பழைய சவப்பெட்டி தெரிந்தது. அதன் மக்கிய பலகையைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளே மாவுச்சாக்கில் சுற்றிய ஆற்றுக்கற்கள்.

"அம்மாவை எங்க போட்டாரு?"

"போடல. வடக்க போயிட்டா. மந்தைச் சமையல்காரன் ஒருத்தனோட வண்டியில." ஓரன் குழியோரம் உட்கார்ந்தார். "சின்னப்புள்ள காதுல விழக்கூடாதுன்னு ஊரே பேசி வச்சுக்கிட்டோம். நாப்பது வீட்டுல ஒரு வாய் திறக்கல."

"அவர் கையில கட்டு?"

"இந்தப் பெட்டிக்கு ஆணி அடிச்சான். கண்ணுல தண்ணி. சுத்தியல் விரல்ல விழுந்துச்சு."

முகத்தை மறைத்த மயிரை டெல்ஃபா மண்கையாலேயே ஒதுக்கினாள்.

"ஊரே போச்சே, அவர் ஏன் போகல?"

"அவ திரும்பி வந்தா, வீடு இருந்த எடத்துல வீடு இருக்கணும்னான்."

டெல்ஃபா கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப்போட்டு, அந்தக் குழியையே அகலப்படுத்தினாள். மத்தியானம் இருவருமாக ஆசாவை இழுத்துவந்து அதில் இறக்கினார்கள். ஜெபத்தை ஓரன் பாதிதான் சொன்னார். மீதி மறந்துவிட்டது.

பலகையில் ஆசாவின் பெயரையும் செதுக்கட்டுமா என்று கேட்டார்.

"இருக்கட்டும் மாமா. அம்மா பேரே இருக்கட்டும்."

பொழுது சாயும்போது டெல்ஃபா கொல்லைக்கு வந்து ஏர்க்காலை இரண்டு கையாலும் தூக்கினாள். கிழக்கே ரயில் புகை ஒரு கோடாக எழும்பியது. அதற்கு நேராக இறக்கி வைத்தாள். வடக்கே, இத்தனை வருடம் ஏர்க்கால் அழுத்திக் கிடந்த இடத்தில், ஒரு முழ நீளத்துக்குப் புல் முளைக்காமல் இருந்தது.